பெண்பூப் பரணி

வாழ்க, வாழ்க! இருநூற்று நாற்பது மூக்குக்கண்ணாடிச் சட்டங்களின் ஏகச் சக்கரவர்த்தி வாழ்க! கிட்டப்பார்வை, தூரப்பார்வை எனும் இருபெரும் பகைப்படைகளைச் சுவரில் மாட்டிய ஒற்றை எழுத்தட்டையால் புறமுதுகிடச் செய்த விழிகாவலர் வாழ்க! எட்டடிக்கு ஐந்தடிக் குளியலறையை முகில் தவழும் பெருங்காடாக்கி, அதில் முப்பத்தொரு குடுவைச் செடிகளைக் குடியமர்த்தி, கைப்பிடித்த மனைவியையும் பெற்ற மகளையும் எஞ்சிய ஒரே குளியலறையின் வாசலில் துண்டும் கையுமாக வரிசையில் நிறுத்திய வள்ளல் வாழ்க! தெருவில் இவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள்.

குடுவைச் செடி யாதெனின் கூறுவாம். இலையின் நுனியில் மூடி போட்ட குடுவையொன்றைத் தொங்கவிட்டு, விளிம்பில் தேன் தடவி, வழியோடு போகும் எறும்பை வருந்தி அழைத்து, வந்ததை வழுக்கி உள்ளே விழச்செய்து, சத்தையெல்லாம் சாவகாசமாக உறிஞ்சி முடித்து, ஒன்றும் அறியாத முகத்தோடு அடுத்த எறும்புக்கு வாய்திறந்து நிற்கும் பச்சை அது. கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு இதன்மேல் ஏன் இத்தனை பாசம் என்று வாடிக்கையாளர் யாரும் இதுவரை கேட்டதில்லை. குழாய்த் தண்ணீரின் உப்புப் பட்டால் இதன் வேர் கருகும். ஆதலால் நம் தலைவர் ஏசியைப் பகலெல்லாம் ஓடவிட்டு, அதிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்து வார்ப்பார். வீட்டில் உள்ளவர்கள் கம்பளி போர்த்திக்கொள்வார்கள்.

முப்பத்தொன்றில் மூத்தவள், முடிசூடியவள், கருஞ்செந்நிறக் குடுவையும் பொன்வரி உதடும் பூண்ட பேரரசி ஒருத்தி உண்டு. அவள் இனத்தில் இந்த நாட்டிலேயே இரண்டு செடிகள்தாம் என்று கண்ணாடிக்காரர் சொல்வார். ஒன்று இவரிடம். மற்றொன்றோ, ஐயகோ, சொல்லவும் நாக் கூசுகிறதே, நான்கு கட்டடம் தள்ளி, கடைவாய்க் கோட்டைகளைக் குடைந்து தகர்த்தவரும், வாயை ஆவென்று திறக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கேள்வி கேட்கும் கொடுங்கோலருமான பல் டாக்டரிடம்.

இச்செடியினத்தில் ஆண் வேறு, பெண் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று படைத்தவனும் அறியான். ஆகவே ஆறாண்டுகளுக்கு முன்பே இரு வேந்தரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். பெண் பூத்த வீட்டுக்கே விதைகள். முளைக்கும் நாற்றுகளுக்குப் பெயர் சூட்டும் பேறும் அவ்வீட்டுக்கே. ஆண் பூத்த வீட்டார் மகரந்தத்தைக் கொண்டுபோய் வாசலில் கொடுத்து, ஒரு நன்றியைப் பெற்றுக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். கண்ணாடிக்காரர் தம் பெயரையே சூட்டுவதாக இருந்தார். உலகத்தில் அவர் பெயர் எழுதியிருக்கும் ஒரே இடம் கடைப் பலகை. அதிலும் ஓர் எழுத்து உதிர்ந்துபோயிற்று. சிரிக்க வேண்டாம், அது அவருக்கு உண்மையாகவே துக்கம்.

இவ்வாறிருக்க, இவ்வாண்டில் ஒரே வாரத்தில் இரு வீட்டுச் செடிகளும் பூங்கதிர் நீட்டின! முரசு முழங்கிற்று, அதாவது கைப்பேசி அதிர்ந்தது. பூச்சியுண்ணிச் செடி வளர்ப்போர் குழுவில் உறுப்பினர் பதினொருவர். அவருள் ஒருவர் தவறிச் சேர்ந்தவர், வெளியேறத் தெரியாமல் இருக்கிறார். அப்பேரவையின் முன் கண்ணாடிக்காரர் பிரகடனம் செய்தார்: “எமது இல்லத்தில் பெண் பூக்கவிருக்கிறாள்! எதிர்த்தரப்பார் மகரந்தம் உலராமல் வந்து சேர்க!” அரை நிமிடத்தில் டாக்டரின் எதிர்ப்பிரகடனம் பாய்ந்து வந்தது: “பெண் இருப்பது இங்கே! வருகிறவர் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை வரவேண்டாம், அது என் தூக்க நேரம்!” தவறிச் சேர்ந்தவர் இரண்டுக்கும் கைகூப்பும் படம் போட்டார்.

அன்று தொடங்கிப் பன்னிரு நாள் நம் வீரர் களம் விட்டு அகலவில்லை. பிளாஸ்டிக் முக்காலியே தேராக, நீர் தெளிக்கும் புட்டியே வில்லாக, ஈரம் காட்டும் கருவியே கேடயமாக, மொட்டுகளுக்கு எதிரே வீற்றிருந்து, உள்ளே முன்னமே முடிவாகிவிட்ட ஒன்றை வெளியிலிருந்து முறைத்தே மாற்றிவிடும் பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்தார். கடையில் ஒருவருக்குத் தூரக் கண்ணாடிக்குப் பதில் கிட்டக் கண்ணாடி போயிற்று. அவர் பேருந்து எண் தெரியாமல் வேறு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

பதின்மூன்றாம் நாள் காலையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருந்த மனைவி, திறந்த கதவு வழியே முக்காலியைப் பார்த்தார்.

“ஏங்க, எனக்கு ஒண்ணுதான் புரியல. இவ பொறந்தப்ப பொண்ணுன்னு தெரிஞ்சதும் மூணு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரல நீங்க. கடைக்குச் சரக்கு வந்திருக்குன்னு சொல்லி அனுப்புனீங்க. இப்ப ஒரு செடி பொண்ணாப் பொறக்கணும்னு முக்காலி போட்டு உக்காந்திருக்கீங்க!”

எய்த அம்பு எலும்பில் தைத்தது. ‘இவள்’ எனப்பட்ட பத்தொன்பது வயது மகள் தாய்க்குப் பின்னால் அதே வரிசையில்தான் நின்றிருந்தாள். நம் வீரர் நீர் தெளிக்கும் புட்டியை எடுத்து, ஏற்கெனவே நனைந்திருந்த இலைக்கே மறுபடியும் தெளித்தார். அன்று உண்மையில் சரக்கு ஏதும் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்நேரம் பார்த்து முதல் மொட்டு விரிந்தது! நான்கு பச்சிதழ்கள், அகழி தாண்டிய கோட்டையின் கதவங்கள்போல் மெல்லப் பின்வாங்கின. நடுவில் பருத்த பச்சை வயிறு இருந்தால் பெண். மெலிந்த காம்பின் தலையில் மஞ்சள் உருண்டை இருந்தால் ஆண். நம் விழிகாவலர் பூதக்கண்ணாடியை உறையிலிருந்து உருவினார். அந்தோ, தாமே வளர்த்த ஈரக்காற்று, தாமே தேர்ந்து தாமே அணிந்திருந்த விலையுயர்ந்த மூக்குக்கண்ணாடிமேல் படையெடுத்து, வெண்புகையாய்ப் படிந்து மறைத்தது! சட்டைநுனியால் துடைத்தார், மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தார். ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவர் தம் மகளிடம் பூதக்கண்ணாடியை நீட்டினார்.

“நீ பாரும்மா.”

மகள் குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அப்பா, ஒருவழியா உங்களுக்குப் பையன் பொறந்துட்டான்.”

சாய்ந்தது கொடி! உடைந்தது தேர்! முக்காலி உண்மையிலேயே வழுக்கி, அவர் ஏசித் தண்ணீர் வாளியில் அமர்ந்தார். தாயும் மகளும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிவிட்டார்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் அவரும் கொஞ்சம் சேர்ந்துகொண்டார்.

தோற்றாலும் சொல் தவறாதவரன்றோ வீரர்! கண்ணாடி துடைக்கும் தூரிகையால் மகரந்தத்தைத் தட்டி, காலித் தீப்பெட்டியில் சேர்த்து, நனைந்த வேட்டியை மாற்றி, செருப்பை மாட்டினார். அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் துரத்தியது: “ரெண்டும் ஒரே கொடியில வெட்டின துண்டுன்னுதானே அன்னிக்கு வாங்கிட்டு வந்தீங்க? அப்ப அவர்கிட்ட இருக்கிறது மட்டும் எப்படிங்க பொண்ணா இருக்கும்?” வெட்டிய துண்டு தாய்க்கொடி எதுவோ அதுவாகத்தான் இருக்கும் என்னும் பேருண்மையை நம் வீரரே குழுவில் மூன்று முறை படம் போட்டு விளக்கியிருக்கிறார். அது பிறர் செடிகளுக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தார் போலும். இப்போதோ அவர் படியிறங்கிவிட்டார், காதில் விழவில்லை.

முடியிழந்த மன்னன் திறை சுமந்து செல்வான்போல், தலை கவிழ்ந்து, தீப்பெட்டியை இரு கைகளிலும் ஏந்தி, தையற்கடை தாண்டி, மருந்துக்கடை தாண்டி, வாசலில் கேட்கப்போகும் அந்த ஒற்றை நன்றிச் சொல்லுக்கு நெஞ்சை இரும்பாக்கியவண்ணம் அவர் நடந்துவர, எதிர்த்திசையிலிருந்து, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், அதே நடையில், அதே தலைகவிழ்ப்பில், சிறு பெட்டியொன்றை நெஞ்சோடு அணைத்தபடி மற்றொரு பெருவேந்தர் வந்துகொண்டிருக்க, நடுத்தெருவில் இரு படைகளும் எதிரெதிர் நின்று, ஒருவர் கைப்பெட்டியை ஒருவர் நோக்கி, பின்னர் மெல்ல, மிக மெல்ல, ஒருசேரத் தத்தம் பெட்டியைத் திறந்து காட்டின.

இரண்டிலும் மஞ்சள் தூள்தான் இருந்தது.