முப்பத்தேழாவது சுற்றில் மாட்டிக்கொண்டேன்

இருபத்தாறு வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. யாரைப் பார்த்தாலும் மடக்கிக் கேள்வி கேட்கிற வியாதி. "இந்த பஸ் தினமும் பத்து நிமிஷம் லேட்டா வருதே, அந்தப் பத்து நிமிஷம் எங்க போகுது?" என்று கண்டக்டரிடம் கேட்டு, திருவேங்கடம் ரோட்டில் நடுவழியில் இறக்கி விடப்பட்டவன் நான். (இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடைகூட இல்லை.) கேட்டவனிடமே கேள்வி திரும்பி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களையும் ஆதாரம் கேட்டிருப்பேன்.

சங்கரன்கோவிலில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் வேலை பார்த்தேன். செய்தி வாசிப்பது, காணாமல் போன ஆட்டுக்கு அறிவிப்புச் சொல்வது, சடங்கு வீட்டுக்கு வாழ்த்துப் போடுவது என்று சகலமும் நான்தான். எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. வாரம் அரைமணி நேரம், என் பெயரில் ஒரு பேட்டி நிகழ்ச்சி. அதற்காக முதலாளி அண்ணாச்சியை இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் அதற்கு வழி பிறந்தது. கோமதி என்று நம்மூர்க்காரப் பெண்மணி ஒருவர், பெங்களூரில் பெரிய விஞ்ஞானி. மண்ணில் வாழும் கிருமிகளை ஆராய்கிறவர். அவர் ஆடிச்சுற்றுக்கு வந்திருந்தார். வேண்டிக்கொண்டு கோயிலை நூற்றியெட்டு முறை சுற்றுவதுதான் ஆடிச்சுற்று. நெற்றி நிறையப் புற்றுமண் பூசிக்கொண்டு சுற்றுகிறார் என்று காமிராமேன் பேச்சிமுத்து வந்து சொன்னான். கோயிலில் பிரசாதமாகத் தருகிற அந்த மண்ணைப் பூசினால் தீராத நோயும் தீரும் என்பது ஊர் நம்பிக்கை.

எனக்குக் கை பரபரத்தது. மண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறவர், அதே மண்ணை நெற்றியில் பூசியிருக்கிறார்!

"ஏலே, வம்பை இழுக்காத," என்றார் அண்ணாச்சி. "சாமி கும்பிடுத அம்மா. சின்ன வயசுல எந்த ஸ்கூல்ல படிச்சீங்க, உளுந்தவடை பிடிக்குமான்னு கேட்டுட்டு வா."

"அது பேட்டி இல்ல அண்ணாச்சி, நலம் விசாரிக்கிறது. விஞ்ஞானின்னா கஷ்டமான கேள்வியக் கேட்டே ஆகணும்."

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, நேரலை போடுதேன். நல்லா வந்துச்சுன்னா வாரம் அரைமணி ஒனக்கு. சொதப்புன, ஆயுசுக்கும் ஆட்டு அறிவிப்புதான்."

மறுநாள் காலை கோட்டு போட்டுக்கொண்டு போனேன். ஆடி மாத வெயில், காலில் செருப்பில்லை, உடம்பில் மச்சானுடைய கல்யாணக் கோட்டு. (இரண்டு தோளுக்குமாக இன்னொரு ஆளும் உள்ளே வரலாம்.) கோமதி அக்கா நின்று பேச மறுத்துவிட்டார்.

"முப்பத்தஞ்சு ஆயிருக்கு தம்பி. நின்னா கணக்கு விட்டுப்போகும். கூடவே நடந்துகிட்டுக் கேளுங்க. ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லுதேன்."

"நானும் நேரடியாகத்தான் கேட்பேன், மேடம்."

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் நடந்தோம். எங்கள் முன்னால் பேச்சிமுத்து காமிராவோடு பின்பக்கமாகவே நடந்தான். வளையல் தட்டு வைத்திருந்த அம்மாள் மேல் இரண்டு முறை மோதினான். முதல் சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது சுற்றில்தான் கேள்வியைக் கேட்க முடிந்தது.

"ஆய்வகத்தில் ஆதாரம் கேட்கிறீர்கள். இங்கே ஆதாரம் இல்லாமல் மண்ணைப் பூசுகிறீர்கள். இரண்டு கோமதியில் எந்தக் கோமதி பொய்?"

கூடச் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் என்னை முறைத்தார்கள். "ஏம்ல, கோயில் வாசல்ல வச்சுக் கேக்குத கேள்வியா இது?" என்றார் மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா. நான் மைக்கை இறக்கவில்லை. எத்தனை பேர் முறைத்தாலும் இறக்குவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கோமதி அக்கா கோபப்படவே இல்லை.

"கேக்கட்டும் மதினி, கேக்க வேண்டியதுதான். நான் சாமி கும்பிடுதவன்னு தெரிஞ்ச உடனே எல்லாரும் என்கிட்ட சீக்காளிட்ட பேசுத மாதிரி பேசுதாங்க. அதுதான் எனக்கு எரிச்சல். தம்பி, இந்த மண்ணுல மருந்து இருக்குன்னு நான் எங்கயும் எழுதுனதில்ல, எழுதவும் மாட்டேன். காய்ச்சல்னா டாக்டர்ட்டதான் போகணும். நெத்தியில பூசுதது, கும்பிடுதது எல்லாம் என் நம்பிக்கை. அதுக்கு ஆதாரம் கேட்டா, என்கிட்ட இல்ல. இல்லைன்னு சொல்ல எனக்கு வெக்கமும் இல்ல. இருக்குன்னு புளுகினேன்னா அன்னைக்கு என்னை வேலையவிட்டு அனுப்பணும்."

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். அரைமணி நேர நிகழ்ச்சி கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இப்ப என் முறை," என்றார் கோமதி அக்கா. அப்போது முப்பத்தேழாவது சுற்று. "ஆதாரம் இல்லாம எதையும் சொல்லக் கூடாதுங்கீங்க. நியாயம்தான். ஒங்க சேனல்ல காலையில ஏழு மணிக்கு ராசிபலன் வருதுல்லா? எங்க அம்மா அதைப் பாக்காம காப்பி குடிக்க மாட்டா. அதை யாரு கணிக்கா?"

எனக்கு நடை நின்றுபோனது. கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சேனலுக்கு ஜோசியரே கிடையாது. எட்டு மாதமாக அதை எழுதியதும் நான்தான்.

தெருமுனையில் அண்ணாச்சி நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். 'சமாளிலே' என்று அதற்கு அர்த்தம். வாய்வரை ஒரு பொய் வந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு சித்தர் என்று தொடங்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் இப்போதுதான் அந்த அம்மாள் ஊர் பார்க்க 'என்கிட்ட ஆதாரம் இல்ல' என்று சொல்லிவிட்டு நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"நான்தான் எழுதுகிறேன்," என்றேன்.

"ஜோசியம் படிச்சிருக்கீங்களா?"

"பி.எஸ்சி. கணிதம்."

"பின்ன எப்பிடி எழுதுதீங்க?"

"போன மாசத்துப் பலனை ராசி மாத்திப் போடுவேன்."

ஆடிச்சுற்று அப்படியே நின்றது. "அட நாசமாப் போறவனே!" என்றார் மஞ்சள் சேலை அம்மா. "கன்னி ராசிக்குப் புது முயற்சி வேண்டாம்னு போட்டியே, எம் மவ தையல் வகுப்புக்குப் போகாம ஒரு மாசமா வீட்டுல கெடக்கா!" இன்னொருவர் என் கோட்டைப் பிடித்தார். பேச்சிமுத்து மட்டும் கடமை தவறாமல் எல்லாவற்றையும் படம் பிடித்தான். கோமதி அக்காதான் கூட்டத்தை விலக்கினார்.

"விடுங்க, நெசத்தைச் சொல்லிட்டாருல்லா," என்றவர் என் பக்கம் திரும்பி, "இனிமேலும் இப்பிடியே கேளுங்க தம்பி. கும்பிடுதவங்ககிட்டயும் கேளுங்க, கும்பிடாதவங்ககிட்டயும் கேளுங்க," என்று சொல்லிவிட்டு முப்பத்தெட்டாவது சுற்றுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. என் அம்மா ரிஷப ராசி.

எட்டு மாதமாக ரிஷபத்துக்கு மட்டும் நான் பழைய பலனைப் போட்டதில்லை. தனியாக உட்கார்ந்து யோசித்து எழுதுவேன். 'பிள்ளைகளைக் கடிந்து பேசுவதைத் தவிர்க்கவும்.' 'திருமணப் பேச்சைத் தள்ளிப்போடுவது நலம்.' போன மாதம் முழுக்க, 'மேற்கே பயணம் வேண்டாம்.' மேற்கே புளியங்குடியில் சித்தி வீடு. அம்மா அங்கே போனால் பத்து நாள் திரும்ப மாட்டாள். எனக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. இவ்வளவுதான் கிரக நிலை.

அம்மா டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நாலு வசவு வாங்கிக்கொண்டு சாப்பிடலாம் என்று நினைத்தேன். அவள் வையவில்லை.

"போன மாசம் ஒங்க சித்திக்குக் கண் ஆபரேஷன்லா," என்றாள். "கண்ணைக் கட்டிக்கிட்டுத் தனியாக் கெடந்தா. கெளம்பிப் பைய எடுத்து வச்சேன். நீ போகாதன்னு எழுதுன. நான் போகல மக்கா."

வெட்கத்தில் செத்துப்போகலாம்போல் இருந்தது. ஆபரேஷன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு என் சோறுதான் பெரிதாகப் பட்டது. "தப்புதாம்மா," என்றேன். அவள் பையை எடுத்தாள். நானும் கூடவே பஸ் ஏறிப் போய், சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "வாயில நல்லதா ஒரு பொய் வராதாலே ஒனக்கு?" என்றார். ஆட்டு அறிவிப்புக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். அப்போது மஞ்சள் சேலை அம்மா நாலு பெண்களோடு படியேறி வந்தார். நான் மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினேன். "அண்ணாச்சி, ராசிபலன நிறுத்துங்க. இந்தப் பயலக் கேள்வி கேக்க விடுங்க. மாட்டுனா உண்மையச் சொல்லுதான்லா, அது போதும்," என்றார்.

அந்த வாரமே நிகழ்ச்சி தொடங்கியது. இன்றுவரை நடக்கிறது. டாக்டர், பாதிரியார், பள்ளிவாசல் ஆலிம், நாத்திகர் யார் வந்தாலும் கடினமான கேள்வி உண்டு. அதற்கு முன்னால் அவர்கள் என்னை ஒரு கேள்வி கேட்கலாம், நான் மழுப்பக் கூடாது.

ரிஷபத்துக்குத் தடை நீங்கியதும் அம்மா இரண்டே மாதத்தில் எனக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டாள். இப்போதும் புளியங்குடிக்குக் கிளம்பினால் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் பண்ணுவாள். பக்கத்து சீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "சார், மேற்கே போகலாமா சார்?" என்பாள். பஸ்ஸே சிரிக்கும், வீட்டில் என் மனைவி சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே, "போயிட்டு வாம்மா, சித்திய ரொம்ப விசாரிச்சதாச் சொல்லு," என்பேன். உடனே அந்தப் பக்கமிருந்து குரல் வரும்:

"இதாவது நெசந்தானாலே?"