சாட்சிக்கு மனைவியை அழைத்தவன்

வாழ்க்கையில் நான் தோற்றது ஒரே ஒரு தடவைதான். அதையும் நானே படிவம் நிரப்பிக் கேட்டு வாங்கினேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. ஆனாலும் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன் நான். என் மட்டன் ரோல்ஸ் இல்லாமல் அந்தப் பக்கம் ஒரு பிறந்தநாளும் நடக்காது. (நடந்திருந்தால் அது என்னைக் கூப்பிடாத பிறந்தநாள்.) "ஒருத்தரும் பழக்கேல்லை, என்ரை கைதான் எனக்கு வாத்தியார்" என்று கடைக்கு வருகிற எல்லாருக்கும் ரோல்ஸோடு சேர்த்துக் கொடுப்பேன்.

போன வருடம் ஓர் ஆங்கில வாரப் பத்திரிகை என்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதியது. கலர்ப்படம் வேறு. மகள் தர்சினி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு வரியில் நின்றாள்.

"அப்பா, அம்மாதான் உங்களுக்கு ரெண்டு மாசத்திலை ரோல்ஸ் செய்யப் பழக்கினவ எண்டு போட்டிருக்கு."

தலைக்குள் எண்ணெய் கொதித்தது. கலியாண வீடுகளில் இனி எந்த முகத்தோடு நிற்பது? ஆசிரியருக்குப் போன் எடுப்பித்தேன். எழுதியது சரிதான் என்றார். விட்டேனா? பத்திரிகைப் பிழைகளை விசாரிக்க ஒரு சபை இருக்கிறதாம். முறைப்பாடு போடச் சொன்னேன்.

"அப்பா, ஆர் யூ ஷுவர்? சாட்சி கேக்கினம்."

"கொம்மாவைப் போடு. நான் பழகேக்கை பக்கத்திலை நிண்டது அவதானே."

(இதைச் சொன்னபோதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.)

என் மனைவி புஷ்பம் நாலு பேருக்கு முன்னால் புருசனை மறுத்துப் பேசாதவள். முப்பத்தாறு வருடமாக நான் சொன்னதற்கெல்லாம் 'ஓம்' போட்டவள். அந்தத் துணிவுதான் எனக்கு.

சமரசப் பேச்சு கணினித் திரையில் நடந்தது. நான் கோட் போட்டிருந்தேன். சபையின் அதிகாரியம்மா ஒரு பெட்டிக்குள், ஆசிரியர் இன்னொரு பெட்டிக்குள். தர்சினி மொழிபெயர்ப்பு.

"அம்மா, பேப்பரிலை வந்தது பிழையோ எண்டு கேக்கிறா."

"ஓம், பிழைதான்."

நான் ஆசிரியரைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ரெண்டு மாசமில்லைப் பிள்ளை, ரெண்டு வருசம். இந்த மனுசன் சுத்தின ரோல்ஸ் எல்லாம் சட்டிக்குள்ளை வெடிச்சது. அந்த நிருபர்ப் பிள்ளை குசினிக்குள்ளை அடுப்படிக்கு வந்து கேக்கேக்கை, இவரின்ரை மரியாதைக்காகக் குறைச்சுச் சொன்னனான்."

"இஞ்சாரும், என்ன கதைக்கிறீர்?"

"சாட்சி எண்டு கூப்பிட்டால் பொய்யே சொல்லுறது?"

தர்சினி அதையும் மொழிபெயர்த்தாள். இரண்டு பெட்டிகளும் சிரித்தன.

முறைப்பாடு சுமுகமாகத் தீர்ந்தது. மறுவாரமே திருத்தம் வந்தது: மனைவி அவருக்கு ரோல்ஸ் பழக்கியது இரண்டு மாதமல்ல, இரண்டு வருடம், தவறுக்கு வருந்துகிறோம். கட்டுரையைக் கவனிக்காத சனமெல்லாம் திருத்தத்தைத் தேடி வாசித்தது.

இருக்கட்டும். ஆங்கிலப் பத்திரிகையை வருத்தம் தெரிவிக்க வைத்த ரோல்ஸ்காரன் ரொறன்ரோவில் வேறு யார்? அந்தத் திருத்தத்தை வெட்டியெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

வீட்டில்தான் நிலைமை மாறிவிட்டது. நான் என்னைப் பற்றி ஏதாவது சொல்லத் தொடங்கினால் போதும், தர்சினி குசினிப் பக்கம் திரும்பிக் கேட்பாள்: "அம்மா, திருத்தம் இருக்கோ?"

புஷ்பம் அவசரப்படுவதில்லை.

"பொறு, அவர் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும்."