பாதி விலைக்கு வாங்கிய இரண்டு கோடும் ஒரு புள்ளியும்

அன்றைக்கு, பகலில் தேயிலைத் தோட்டத்துக் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "நானும் இருந்தேன்" என்று புதிதாக வந்து சேர வேண்டாம். (இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் கூட்டினால் அந்தக் கட்டடம் தாங்காது.) ஐந்து ரூபாய் டிக்கெட்டோடு நூற்றைம்பது பேர். டிக்கெட் இல்லாமல் மடியில் பதினொரு குழந்தைகள். முன்னால் போட்ட இரண்டு நாற்காலிகளில் டீவிக்குச் சொந்தக்காரரான கணக்கப்பிள்ளை ஐயாவும் அவருடைய மனைவியும். தேயிலை ஃபெக்டரியிலிருந்து வயர் இழுத்து கரண்ட் தந்த எலக்ட்ரீஷியன் சிறிசேன. மூலையில் எங்கள் அம்மா. வாசலில், காசு போட்ட பிஸ்கட் டின்னோடு என் தங்கச்சி மல்லிகா. டீவிக்குப் பக்கத்தில், அந்தக் குளிரிலும் வியர்த்துக்கொண்டு, நான்.

நான் கவலைப்படவென்றே பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டு வறுமை காரணம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை வேறு. ஆறாம் வகுப்புக்கு ஆற்றைத் தாண்டிக் கொட்டகலைப் பக்கம் போக வேண்டும். அந்தத் தொங்குபாலம் ஆடும். அவ்வளவுதான். நான்கு வயது இளையவளான மல்லிகா அதே பாலத்தில் ஓடியே போய், ஓடியே வந்து, உயர்தரம் வரை படித்துவிட்டாள். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், ஆசிரியர் கலாசாலையில் அவளுக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்த கடிதங்களில் யாரும் சாகாத முதல் கடிதம் அதுதான்.

சேருவதற்கு எண்ணூறு ரூபாய் வேண்டும். விடுதிப் பணம், இரண்டு வெள்ளைச் சேலை, ஒரு மெத்தை, ஒரு தகரப் பெட்டி. புதன்கிழமை பணத்தோடு வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டில் இருந்தது அம்மாவின் சீட்டுப் பணம் ஐந்நூறு.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் யாருக்குப் பணமுடை வந்தாலும் ஒரே வழிதான் இருந்தது. டவுனிலிருந்து வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து வந்து, டிக்கெட் போட்டுப் படம் காட்டுவது. கோயில் கூரைக்கும் காட்டினார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காட்டினார்கள். அம்மா காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்திலேயே, "ரெண்டு படம், ஒன்னு சண்டை, ஒன்னு அழுகை" என்று சொல்லி நூற்றைம்பது டிக்கெட்டையும் விற்று முடித்துவிட்டார். டெக்குக்கும் படங்களுக்கும் வாடகை முந்நூற்றைம்பது. டிக்கெட் காசு எழுநூற்றைம்பது. என் ஐந்தாம் வகுப்புக் கணக்கிலேயே, எல்லாம் போக வீட்டில் தொள்ளாயிரம் இருக்க வேண்டும். மெத்தையோடு ஒரு தலையணையும் வாங்கலாம்.

சனிக்கிழமை அட்டன் டவுனுக்குப் போய் டெக்கை எடுத்து வரும் வேலை எனக்கு.

டெக் கொடுக்கும் கடையில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அடையாள அட்டை கிடையாது. (பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தோம். பதில் வழியில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து வழியிலேயே இருந்தது.) கணக்கப்பிள்ளை ஐயா இரக்கப்பட்டுத் தன்னுடைய அட்டையைக் கொடுத்தார்.

"தங்கராசு, இது தொலைஞ்சா நான் யாருன்னு எனக்கே தெரியாதுடா. பத்திரம்."

"சரிங்க ஐயா."

பஸ்ஸில் அட்டன் வரைக்கும் சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுகூட இடது கையால்தான் தேடிக் காசு கொடுத்தேன். ("என்னா தம்பி, நெஞ்சு வலியா?")

டெக் கடைக்காரர் அந்தப் பெட்டியை மேசையில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார். "பதினெட்டாயிரம் ரூவா சாமான். கீழ மட்டும் போட்டுடாதீங்க."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் நாள் சம்பளத்தில் பதினெட்டாயிரம் என்றால், மூன்று வருஷம் சாப்பிடாமல் வேலை செய்ய வேண்டும். திரும்பும் வழியில் எத்தனை வளைவுகள் என்று மனசு எண்ண ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் டெக் என் மடியிலிருந்து விழுந்தது. ஒவ்வொரு முறையும் கணக்கப்பிள்ளை ஐயாவைத் தேடி போலீஸ் வந்தது. "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

எதிரே ஒரு ரேடியோக் கடை. கண்ணாடியில் "மலிவு விற்பனை, பாதி விலை" என்று சிவப்பில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு பெட்டி. தொள்ளாயிரத்து ஐம்பதை அடித்து நானூற்று எழுபத்தைந்து என்று போட்டிருந்தார்கள்.

"இது என்னாங்க முதலாளி?"

"டீவி கேம் தம்பி. டீவில மாட்டினா ஓடும். நீங்க ஆட்டுனபடி ஆடும். அஞ்சு கெசட்டு சும்மா வருது."

ஐந்து கெசட்டின் மேலும் படம் ஒட்டியிருந்தது. ஒன்றில் குண்டு போடும் விமானம். ஒன்றில் யுத்த டாங்கி. ஒன்றில் ரேஸ் கார். ஒன்றில் டென்னிஸ் ஆடும் வெள்ளைக்காரி. ஐந்தாவதில் வாயைப் பிளந்த முதலை. எல்லாம் கலரில்.

"டெக்குல படம் ஒரு தடவதான் தம்பி. மறு தடவ பார்த்தா முடிவு தெரிஞ்சிரும். இது ஒவ்வொரு தடவையும் புதுசு. ஊரே ஒக்காந்து பார்க்கும்."

"அடையாள அட்டை வைக்கணுங்களா?"

"எதுக்கு? காசக் குடுத்தா ஒங்க சாமான்."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். யாருடைய அட்டையும் யார் கையிலும் இருக்க வேண்டாம். உடைந்தாலும் என்னுடையது. இரண்டு படத்துக்குப் பதில் ஐந்து! இன்றைக்கு மல்லிகாவுக்கு, அடுத்த மாதம் கோயிலுக்கு என்று காலமெல்லாம் காட்டலாம். இருந்தாலும் நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வாங்குகிறவன் இல்லை. தீர விசாரித்தேன். ஷாக் அடிக்குமா? வெடிக்குமா? மழையில் நனைந்தால் என்ன செய்வது? கெசட்டை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். போட்டுக் காட்டச் சொல்லத்தான் இருந்தேன். கரண்ட் இல்லை. "நாலு மணிக்கு வந்துரும், நில்லுங்க" என்றார் முதலாளி. எனக்கு மூன்றரை பஸ். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது வராமலே போனால்?

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது கணக்கப்பிள்ளை ஐயா ஆச்சரியப்பட்டார். "என்னாடா, அட்டைய வாங்கலியா?"

"நம்பிக் குடுத்துட்டாங்க ஐயா."

(இந்தப் பொய்க்கு மட்டும் ஏனோ அன்றைக்குப் பயமே வரவில்லை.)

வீட்டில் மல்லிகா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். அதுதான் கஷ்டம்.

"அண்ணே, இதுல ரெண்டு பேரு விளையாடலாம்னு போட்டிருக்கு."

"ஆமா."

"மத்த நூத்தி நாப்பத்தெட்டுப் பேரு?"

"பார்ப்பாங்க புள்ள. கிரிக்கட்டு பார்க்கிறதில்லையா?"

"இப்பவே கணக்கப்பிள்ளை வீட்டு டீவில போட்டுப் பார்த்திருவோமா? சரியில்லேனா நாளைக்கு வெள்ளன பஸ்ஸுல போயி டெக்க எடுத்துக்கிட்டு வந்திரலாம்."

எவ்வளவு நல்ல யோசனை! நான் வேண்டாம் என்றேன். போட்டுக் காட்டினால் சொன்ன பொய் வெளியே வந்துவிடும். இதை எழுதும் இந்த நிமிஷமும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், என்னை நானே பிடரியில் ஒன்று போட்டு, "போடா, போட்டுப் பாருடா" என்று தள்ளிவிட ஆசையாக இருக்கிறது.

ஞாயிறு பகல் இரண்டு மணி. பிள்ளைக்காம்பரா நிரம்பி வழிந்தது. ஜன்னல்களைச் சாக்கால் மறைத்திருந்தோம். சிறிசேன சுவிட்சைப் போட்டார். நான் விமானக் கெசட்டைச் செருகினேன்.

திரை கறுப்பானது. இடது பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. வலது பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. நடுவில் ஒரு புள்ளி அங்குமிங்கும் போனது. டொக். டொக்.

சனம் பக்தியோடு பார்த்தது. ஒரு குழந்தை அழுததற்குத் தாயின் கை அதன் வாயைப் பொத்தியது.

"பேரு போடப் போறாங்க" என்றது ஒரு குரல்.

டொக். டொக். மூன்று நிமிஷம் போயிற்று. சிறிசேன எழுந்து வந்து டீவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "தம்பி, படம் எங்க? இது ஆஸ்பத்திரி மிஷின் மாதிரி."

கணக்கப்பிள்ளை அம்மா கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார். அழுகைப் படத்துக்கென்றே கொண்டு வந்தது. அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"தங்கராசு, கதாநாயகன் எப்ப வருவாரு?"

"வந்துட்டாருங்கம்மா."

"எங்க?"

"இடது பக்கத்துக் கோடு."

"அப்ப கதாநாயகி?"

நான் வலது பக்கத்துக் கோட்டைப் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ பதில் சொன்னார்கள். "அந்தப் புள்ளிதாங்கம்மா! அதுக்காகத்தான் ரெண்டு பேரும் அடிச்சிக்கிறானுங்க!"

கூரை பறக்கச் சிரிப்பு. அதோடு நின்றிருக்கலாம். நான் டாங்கிக் கெசட்டை மாட்டினேன். இரண்டு கோடு, ஒரு புள்ளி. ரேஸ் காரை மாட்டினேன். இரண்டு கோடு, ஒரு புள்ளி. டென்னிஸ்காரியிடமாவது கொஞ்சம் நியாயம் இருந்தது. முதலையில் புள்ளி சற்றே பெரிதாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. அதைச் சத்தமாகவும் சொல்லித் தொலைத்தேன்.

"ரெண்டு படம்னு சொல்லிட்டு ஒரே படத்த அஞ்சு தடவ காட்டுறியேடா!"

"சண்டை எங்க? அழுகை எங்க?"

"அழுகை அந்தா நிக்குது பாரு" என்று ஒருவர் என்னைக் காட்டினார்.

கணக்கப்பிள்ளை ஐயா எழுந்தார். "அப்ப எந்த நம்பிக்கைக்காரன்டா ஒனக்கு டெக்கு குடுத்தது?" என்று மட்டும் கேட்டார். அவர் அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

மல்லிகா பிஸ்கட் டின்னோடு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கிக் கிழித்து, ஒவ்வொரு ஐந்து ரூபாயாகத் திருப்பிக் கொடுத்தாள். சிலர் வாங்கவில்லை. "வேணாம் புள்ள, படிப்புக்கு வச்சிக்க" என்றார்கள்.

"பார்க்காத படத்துக்குக் காசு வேணாங்க அக்கா. வாங்கிக்கிங்க" என்று கையில் திணித்தாள்.

நூற்றைம்பது தடவை. அவளுடைய வெள்ளைச் சேலையும் மெத்தையும் வாசலைத் தாண்டி நடந்து போவதை டீவிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்த மறந்ததால் பின்னால் டொக் டொக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அட்டனுக்கு ஓடினேன். மலிவு விற்பனையில் எடுத்த சாமான் திருப்பி வாங்கப்படாது என்று அதே கண்ணாடியில், அதே சிவப்பில், கீழே எழுதியிருந்தது. நான் மேல் வரியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். (ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன் இல்லையா.)

செவ்வாய்க்கிழமை மல்லிகா தன் காதிலிருந்த தோட்டைக் கழற்றினாள். அம்மா இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்துச் செய்து போட்ட தோடு. ஆயிரம் ரூபாய் பெறும். அடகுக் கடையில் எழுநூற்றைம்பது கொடுத்தார்கள். சீட்டுப் பணத்தில் மிச்சமிருந்த இருபத்தைந்தைச் சேர்த்தால் எழுநூற்று எழுபத்தைந்து. மெத்தையை விட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு, காது ஓட்டையில் ஈர்க்குக்குச்சி செருகிக்கொண்டு, புதன்கிழமை விடிகாலை கொட்டகலையில் ரயில் ஏறினாள். முதல் வருஷ குரூப் போட்டோவில் எல்லாப் பிள்ளைகளும் தோடு போட்டு நிற்கிறார்கள். இவள் குச்சியோடு சிரிக்கிறாள்.

தோட்டை நான் மீட்டுத் தருவதாகச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பணமும் சேர்த்தேன். ஆனால் ஏலத்தில் போயிருக்குமோ என்று பயமாக இருந்தது. போய்க் கேட்டால்தானே தெரியும்? தெரிந்துவிடுமே என்றுதான் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி ஒருநாள் துணிந்து போனேன். "போன மாசம்தான் தம்பி ஏலத்துல போச்சு" என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்து நானும் சிரிக்கிறேன். இந்த ஒரு மாதத்தை நினைத்து இதுவரை சிரிக்க முடியவில்லை.

மல்லிகா பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலாவது மாப்பிள்ளை கார் பிந்தினால், யாராவது ஒருவர் என்னைப் பார்த்து "கதாநாயகன் எப்ப வருவாரு?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அவள் பிள்ளைகள் மலிவு விலையில் கேம் வாங்கப் போகும் முன் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். "மாமா, பாதி விலைக்குப் போட்டிருக்கான், எடுக்கலாமா?" யாராவது விளையாடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எடு, மேலே ஒட்டியிருக்கும் படத்தை நம்பாதே, கீழ் வரியைப் படி என்று சொல்லிக் கொடுக்கிறேன். நன்றாகக் கேட்டுக்கொண்டு, பிறகு சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

அந்தக் கேம் பெட்டி கெட்டுப்போகவே இல்லை. மல்லிகா வீட்டு அலமாரியில் இருக்கிறது. கையில் முதன்முதலாக ஆயிரம் ரூபாய் சேர்ந்ததும், ஏலத்தில் போன தோட்டுக்கு ஈடாகக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் தொடவில்லை.

"காசெல்லாம் வேணாம்ணே. விளையாடிக் கட்டு. ஒரு ஆட்டம் ஜெயிச்சா ஒரு டிக்கெட்டு காசு கழிச்சிக்கிறேன்."

அன்றிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய் உட்கார்ந்து ஆடுகிறேன். அவள் இடது கோடு, நான் வலது கோடு. புள்ளி என் பக்கம் வரும்போதெல்லாம் கண் திரையை விட்டு அவள் காதுக்குப் போய்விடுகிறது. அங்கே இப்போது நல்ல தோடு இருக்கிறது, அவள் சம்பளத்தில் அவளே வாங்கியது. நான் பார்த்து முடிப்பதற்குள் டொக் என்று புள்ளி போய்விடும். இத்தனை வருஷத்தில் இருபத்தேழு ஆட்டம் ஜெயித்திருக்கிறேன். அதில் சிலவற்றை அவளே விட்டுக்கொடுத்தாளோ என்று ஒரு கவலையும் உண்டு. பாக்கி எண்ணூற்று அறுபத்தைந்து ரூபாய்.