உறுமல் அண்ணையும் விலைபோன பாட்டும்

ஒரு பாட்டு பிரபலமானால் பாடினவர்கள் சந்தோசப்படுவார்கள், கேட்டவர்கள் சந்தோசப்படுவார்கள். அதற்காகத் துக்கம் காக்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறார். சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கும் அவருடைய அம்மாவுக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் உறுமல் அண்ணை.

ஐம்பதை நெருங்கிய ஆள். முதுகுவரை முடி, வேலை நேரத்தில் அதை வாழைநாரால் கட்டியிருப்பார். எந்த வெயிலிலும் மண்டையோடு போட்ட கறுப்பு ரீசேட்டும் சாரமும்தான். சந்நிதி முருகனுக்கு மட்டும் அந்த மண்டையோடுகளைத் தெரியாது, கோயிலுக்குள் போகும்போது ரீசேட்டைக் கழற்றிவிடுவாரே!

அவருக்கு உயிர் மெற்றல் பாட்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிற்றார் இடி இடிக்கும், ட்றம்ஸ் லான்ட்மாஸ்டர் உழவு மிசின் மாதிரி அதிரும், பாடுகிறவர் பாடமாட்டார், உறுமுவார். அண்ணையும் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியபடி கூடவே உறுமுவார். அவருடைய அம்மா வரம்பால் ஓடிவருவார்.

"தம்பி, சளி நெஞ்சிலை கட்டிப்போட்டுது. இந்தா, மல்லித்தண்ணியைக் குடி."

அண்ணை மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து உறுமுவார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒரு குழுவை நாலு பேர் கேட்கும்வரை அது உயிரோடிருக்கும். நாடெல்லாம் கேட்டால் செத்துப்போகும். ஒருமுறை தேத்தண்ணிக் கடையில் காப்புறுதி முகவர் ஒருவருடைய கைபேசி அடித்தது. அடித்தது அண்ணையின் கண்கண்ட தெய்வமான நோர்வேக் குழு ஒன்றின் பாட்டு.

"தம்பி, உந்தப் பாட்டை எங்கை எடுத்தனீர்?"

"ஏன் அண்ணை, இப்ப எல்லாரும் கேக்கினமே!"

அண்ணை தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தக் குழுவின் ரீசேட்டைக் கழற்றி, தோட்டத்து வெருளிப் பொம்மைக்குப் போட்டார். "பேருக்கும் காசுக்கும் தங்களை வித்துப்போட்டாங்கள்" என்றார். பிறகு ஒவ்வொரு குழுவாக விலைபோகப் போக வெருளிகளும் பெருகின. வாழைகளுக்கு நடுவே ஒரு பட்டாளமே மண்டையோடு போட்டுக்கொண்டு நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டார்: "நாவூறு படாமல் இருக்க ஒரு வெருளி காணுமடாப்பா. உது என்ன, ஊர்வலமோ?"

நான் ட்றம்ஸ், நிமலன் கிற்றார், சங்கர் உறுமல் என்று நாங்கள் மூன்று பேர் குழு தொடங்கியபோது எங்கள் வீடுகள் எங்களைத் துரத்தின. என் அப்பா தெளிவாகவே சொன்னார்: "ஒண்டில் உந்த ட்றம் இந்த வீட்டிலை இருக்கவேணும், இல்லாட்டி நான் இருக்கவேணும்." உறுமல் அண்ணைதான் தன் தோட்டத்து மிசின் கொட்டிலைத் தந்தார். தண்ணீர் இறைக்கிற மிசினுக்குப் பக்கத்தில் நாங்கள் அடிப்போம். அண்ணை தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆட்டுவார். ஒருநாள் வெட்டிப்போட்ட குலையில் முடி பட்டு, வாழைக்கயர்ப் பிசின் ஒட்டி, குலையோடு சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை எங்களை நிறுத்த விடவில்லை.

முதல் நிகழ்ச்சிக்கு வாழைக்குலைகளோடு ஸ்பீக்கர்களையும் லான்ட்மாஸ்டரில் அவரே ஏற்றிப்போனார். மண்டபத்தில் அண்ணையும் காவலாளியும் மட்டும் இருந்தார்கள். காவலாளி கதவு பூட்டக் காத்திருந்தவர். அண்ணைக்கோ பரம சந்தோசம். "இதுதானடா சரியான சனம்!" என்றார்.

பிரச்சினை சங்கரின் தொண்டையில் தொடங்கியது. அவன் கணித ஆசிரியர். ஞாயிறு முழுக்க உறுமிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் காற்றுத்தான் வரும். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தே கணிதம் படித்தார்கள். டொக்டர் கடைசியாகச் சொன்னார்: "ஒண்டில் உறுமலை விடும், இல்லாட்டிப் படிப்பிக்கிறதை விடும்." வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். சங்கர் பாதியை உறுமி, மீதியை இராகமாக இழுத்துப் பாடத் தொடங்கினான். அளவெட்டியிலிருந்து ஒரு நண்பர் வந்து ஒரு பாட்டுக்கு நாதஸ்வரம் ஊதினார். யாரோ அதை இணையத்தில் போட, கொழும்பு, கனடா என்று பாட்டு போய்விட்டது. பிறகு பருத்தித்துறை பஸ்ஸிலும் ஏறிவிட்டது. அந்த பஸ் நீர்வேலிச் சந்தியில் நின்றபோது அண்ணை அங்கே குலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நாங்கள் போனபோது கொட்டில் பூட்டியிருந்தது. எங்கள் சாமான்கள் வெளியே. மழை வந்தால் நனையாமல் இருக்க, வாழையிலையால் அழகாக மூடி வைத்திருந்தார்.

"என்ன அண்ணை இது?"

"கனடாவிலை கேக்கினமாம். அங்கை போய்ப் பழகுங்கோவன்."

"எனக்குத் தொண்டை போச்சுது அண்ணை. அதுதான் இழுத்துப் பாடினனான்" என்றான் சங்கர்.

"விக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரு காரணம் வைச்சிருக்கிறவைதான்."

சங்கருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வேலையை விட்டு, பிள்ளையைப் பட்டினி போட்டால்தான் உங்களுக்கு நல்ல பாட்டுக்காரனோ? சரி, பாட்டிலை என்ன பிழை? அதைச் சொல்லுங்கோ."

அண்ணை விலகிக் கிடந்த வாழையிலையை இழுத்து ட்றம்ஸை மூடினார்.

"பாட்டிலை ஒரு பிழையும் இல்லை. அதுதானடா எனக்கு விசர்."

அதோடு எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். நாங்கள் நிமலனின் மாமா வீட்டு மாட்டுக்கொட்டிலுக்கு இடம்மாறினோம். மாடு பால் தராமல் விட்டது வேறு கதை.

பிறகு நகரத்து மைதானம் ஒன்றில் பெரிய நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். பின்னேரம். நல்ல சனம். ட்றம்ஸுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறேன், தண்ணீர்க் குழாயடியில் கறுப்புச் சட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட். உறுமல் அண்ணை செத்தவீட்டுக்கு வந்த மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களை வழியனுப்ப வந்திருக்கிறார் என்று விளங்கியது.

அந்தப் பாட்டைத் தொடங்கினோம். சனம் முழுக்கப் பாடியது. அண்ணைக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் தலையை ஆட்டிய ஆட்டில் ஒருத்தியின் செருப்பு பறந்தது. அண்ணை அசையவில்லை. சங்கர் டொக்டரை மறந்து உறுமின இடத்தில் அவருடைய விரல்கள் அசைந்தன. பிறகு கழுத்து. பிறகு முடி அவிழ்ந்தது. வெள்ளை வேட்டியோடு அந்த மனிதர் ஆடின ஆட்டத்தைப் பார்த்து நான் ட்றம்ஸில் இரண்டு அடி தவறவிட்டேன். பாட்டு முடிந்ததும் ஒன்றும் நடக்காதது போல முடியைக் கட்டிக்கொண்டார்.

நாங்கள் இறங்கி வந்தபோது அந்தப் பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். தொண்டைமானாற்றுக்காரர்கள், அக்காவும் தங்கையும், தகப்பன் கடற்றொழில்.

"அண்ணை, இந்த மாதிரி இன்னும் பாட்டு இருக்கே? எங்களுக்கு இது ஒண்டுதான் தெரியும்" என்று அக்கா கேட்டாள்.

கேட்டாளே! அண்ணை வாயைத் திறந்தார், மைதானத்தைப் பூட்ட ஆள் வரும்வரை மூடவில்லை. எந்தக் குழுவை எந்த ஒழுங்கில் கேட்கவேண்டும் என்று வகுப்பே நடத்தினார்.

"அவங்கடை பழசுகளைத்தான் கேக்கவேணும் பிள்ளை. பிறகு வித்துப்போட்டாங்கள்."

"அப்ப பிறகு வந்ததுகளைக் கேக்கக் கூடாதோ?" என்றாள் தங்கை.

அண்ணை தடுமாறினார். "கேளுங்கோ. கேட்டால்தானே திட்டலாம்."

சாமான் ஏற்ற யாரும் சொல்லாமலே லான்ட்மாஸ்டரைக் கொண்டுவந்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கோப்பாய் தாண்டியபோது வாயைத் திறந்தார்.

"வித்துத்தான் போட்டியள்" என்றார். கொஞ்சத் தூரம் போய், "ஆனால் வாங்கினது நல்ல சனம்" என்றார்.

பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "சண்டை நேரம் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தித்தான் கசெற்றிலை இந்தப் பாட்டுகளைக் கேட்டனான். கூட இருந்து கேக்க ஒருத்தரும் இல்லையடா. நல்லாயிருக்கு எண்டு ஆருக்குச் சொல்லுறது? அதுதான், ஒருத்தரும் கேளாததுதான் திறம் எண்டு எனக்கு நானே சொல்லி வைச்சிட்டன்."

மிசின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு கொட்டில் திறந்திருந்தது. அக்காவும் தங்கையும் வந்திருந்தார்கள்.

இப்போது குழு இல்லை. நிமலன் கனடாவில், சங்கர் பாடசாலை அதிபர், நான் வவுனியாவில் வேலை. புதிதாக எது கேட்டாலும் அண்ணைக்கு அனுப்புவேன். உடனே குரல்செய்தி வரும், பாட்டைவிட நீளமான திட்டு. போன மாதம் காய்ச்சலில் கிடந்தவர் ஒரு கிழமையாகப் பதில் போடவில்லை. அந்தக் கிழமை நானும் பாட்டுக் கேட்கவில்லை.