ஆல்மாவின் நட்சத்திரம்

மந்தையை ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரத்தில் மந்தையின் தலைவியைக் காணோம்.

வின்சென்ஸ் பாறைக்குப் பின்னால் பார்த்தான். குடிசைக்குப் பின்னால் பார்த்தான். கடைசியில் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். ஆல்மா பெரிய பசு, கட்டிலுக்கு அடியில் இருக்க வழியே இல்லை. ஆனால் விடியும் முன்பே தேட ஆரம்பித்தவனுக்கு அந்த நியாயமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

தப்பு அவனுடையதுதான். முந்தின நாள் சாயங்காலம் பூக் கட்டுகிற மும்முரத்தில் வேலிப் படலைச் சாத்த மறந்துவிட்டான்.

கோடை முழுவதும் மலைமேல் மேய்ந்த மாடுகள் ஒன்று குறையாமல் இறங்கினால்தான் பூக்கிரீடம். ஒன்று போனாலும் மொத்த மந்தையும் வெறுந்தலையோடு, மணிக்குள் வைக்கோல் அடைத்து, சத்தமில்லாமல் ஊருக்குள் வரவேண்டும். சாவு ஊர்வலத்தைப் பார்ப்பது போல ஊரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தில் மாமனார் கஸ்பாரும் நிற்பார்.

"பட்டணத்துல செருப்பு வித்தவனை நம்பி மாட்டை அனுப்பறேன். பூவோட இறங்கினா பண்ணை உன் பொறுப்பு. இல்லேன்னா செருப்புக் கடை இன்னும் அங்கேயேதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிய மனுஷர்.

போன் அடித்தது. அவரேதான்.

"என்ன மாப்பிள்ளை, எல்லாரும் சௌக்கியமா?"

போனுக்குள் 'சர்ர்... சர்ர்...' என்று இரைச்சல். மலைமேல் லைன் எப்போதுமே இப்படித்தான் படுத்தும்.

"எல்லாரும் சௌக்கியம், மாமா."

"ஆல்மா?"

வாயைத் திறந்தபோது உண்மையைத்தான் சொல்ல நினைத்தான். வெளியே வந்தது வேறு.

"ராணி மாதிரி நிக்கறா, மாமா. என் பக்கத்துலதான்."

இரைச்சல் சட்டென்று நின்றது.

"உன் பக்கத்துலயா?"

"ஆமா மாமா. இப்பத்தான் என் சட்டையை நக்கினா."

"அப்படியா?" என்றார் கஸ்பார் நிதானமாக. "சரி, பூ வெச்சுக் கூட்டிட்டு வா."

மறுபடி சர்ர், சர்ர். லைன் அறுந்தது.

வின்சென்ஸுக்குக் காது மடல் சுட்டது. பொய்யைச் சொல்லியாயிற்று, இனி அந்தப் பொய்க்கு ஒரு மாடு வேண்டும்.

ஃப்ளெக்கி என்ற விளையாட்டுப் புத்திக்காரப் பசுதான் கையில் சிக்கியது. அதன் தலையில் கிரீடத்தை வைத்தான், கழுத்தில் ஆல்மாவின் பெரிய மணியைக் கட்டினான். ஆனால் ஆல்மாவின் நெற்றியில் வெள்ளை நட்சத்திரம் உண்டு. அது உலகத்துக்கே தெரியும். ஊரில் பார்க்க வேண்டியவை என்று சுற்றுலா ஆபீஸ் ஹெட்விக் ஒட்டிய சுவரொட்டியில் தேவாலயம், அருவி இவற்றோடு ஆல்மாவின் முகமும் இருக்கிறது. அருவியைவிடப் பெரிதாக.

மாவைக் குழைத்து நட்சத்திரம் அப்பினான். உதிர்ந்தது. பக்கத்துப் பையிலிருந்து இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டுக் குழைத்தான். அந்தப் பையில் இருந்தது மாவில்லை, மாடுகளுக்கு வைக்கிற உப்பு என்பது முதல் வளைவில்தான் தெரிந்தது.

பின்னால் வந்த பசு எட்டி ஃப்ளெக்கியின் நெற்றியை ஒரு நக்கு நக்கியது. ருசி கண்டு நின்றுவிட்டது. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மந்தையே கல்யாணப் பந்தி மாதிரி முண்டியடித்துக்கொண்டு நிற்க, நட்சத்திரம் இருந்த இடம் தெரியாமல் போனது.

வேறு வழியில்லாமல் கிரீடத்தை நெற்றிவரை இழுத்துவிட்டான். அது கண்ணை மறைத்தது. வழிகாட்ட வேண்டியவளுக்கு வழி தெரியவில்லை. கடைசியில் கால்சட்டைப் பையில் ரொட்டியைத் திணித்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஃப்ளெக்கி அந்தப் பைக்குள் மூக்கை நுழைத்தபடியே ஊருக்குள் நுழைந்தாள்.

பாண்டு வாத்தியம் முழங்கியது. பஸ் பஸ்ஸாக வந்திருந்த வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவர் வின்சென்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முதல் கோடையிலேயே பூவோட இறங்கிட்டியேப்பா! எனக்கே அது மூணாவது வருஷம்தான் வாய்ச்சுது." அவர் கண் கலங்கியிருந்தது. வின்சென்ஸுக்கு அந்தக் கையை உதறிக்கொண்டு மலைக்கே ஓடிவிடலாம் போலிருந்தது.

ஹெட்விக் மைக்கோடு வந்தாள். "இதோ, நம்ம ஆல்மா! நெத்தியில நட்சத்திரத்தைப் பாருங்க! வின்சென்ஸ், கிரீடத்தைக் கொஞ்சம் தூக்கு!"

"வேண்டாங்க. அவளுக்குக் கூச்சம்."

"மாட்டுக்கு என்னய்யா கூச்சம்?" என்று ஹெட்விக்கே தூக்கிவிட்டாள்.

நெற்றி துடைத்து வைத்தது போல இருந்தது. வெளிச்சத்தைக் கண்ட ஃப்ளெக்கியின் கண்ணில் முதலில் பட்டது கஸ்பாரின் பக்கத்து வீட்டுக்காரி நோட்பூர்காவின் பலகாரக் கடை. மறு நிமிஷம் மேஜை ஒரு பக்கம், ஜாம் ஜாடி ஒரு பக்கம். மூக்கெல்லாம் சர்க்கரையோடு ஃப்ளெக்கி நின்றாள். வெளியூர்க்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரும் தட்டவில்லை.

கஸ்பார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மாமா," என்றான் வின்சென்ஸ். ஹெட்விக் பக்கத்தில் பிடித்திருந்த மைக் அதை ஊர் முழுக்கச் சொன்னது. "இது ஆல்மா இல்ல. ஆல்மா தொலைஞ்சு போயிட்டா. படலைச் சாத்தாதது நான்தான். இந்தப் பூவுக்கு எனக்கு யோக்கியதை இல்ல."

வாத்தியம் நின்றது. கிழவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"எப்பத் தொலைஞ்சா?" என்றார் கஸ்பார்.

"நேத்து சாயங்காலம்."

"காலையில நான் கேட்டேனே?"

"பொய் சொன்னேன், மாமா."

"சட்டையை நக்கினாளே?"

வின்சென்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். செருப்புக் கடையின் முதலாளி முகம் நினைவுக்கு வந்தது. அவரிடம் போய் என்ன சொல்லி வேலை கேட்பது என்றுகூட யோசித்தான். நின்ற இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது.

கவிழ்ந்த மேஜையை நிமிர்த்திக்கொண்டிருந்த நோட்பூர்கா ஜாம் கையைத் துடைத்தபடி கஸ்பாரைப் பார்த்து எரிந்து விழுந்தாள்.

"போதும் கஸ்பார், பாவம் அந்தப் பையன்! ராத்திரி தானா வீடு வந்து சேர்ந்த ஆல்மாகிட்ட உக்காந்து பால் கறந்துக்கிட்டேதானே காலையில இவனுக்கு போன் போட்டே!"