விட்டுக்கொடுக்காதவர் கடை

"தகரக் கூரையை மட்டும் எடுத்துடுங்கண்ணே. நகரசபைத் தலைவர் அதோட நிறுத்திக்கிறேன்னு சொல்லிட்டார்" என்றார் வார்டு உறுப்பினரம்மா, ஏதோ பரிசு வாங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி.

கண்ணாடிக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த நிலைக்கண்ணாடியைப் பத்திரமாக மேசையில் வைத்தார். தெருவை அகலப்படுத்துகிறோம் என்று நகரசபை கிளம்பியதிலிருந்து இப்படித்தான். முதலில் பெயர்ப்பலகை போயிற்று. அப்புறம் வாசற்படி. இப்போது கூரை. ஒவ்வொரு முறையும் இந்த அம்மா, எதிர்க்கட்சிக்காரரான அந்தத் தலைவரிடம் சண்டை போடப் போவார். அவர் கொடுக்கும் டீயைக் குடிப்பார். எதையாவது தாரை வார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்புவார்.

"இன்னைக்கும் டீ குடிச்சீங்களா?"

"பிஸ்கட்டும் கொடுத்தார்."

கண்ணாடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேர்தலில் இந்த அம்மாவுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தியவர் அவர். "எங்கம்மா ஜெயிச்சா அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சத்தியம் செய்தவர். இப்போது அந்த வீடுகளைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டியிருந்தது.

கடையும் அதுதான், வீடும் அதுதான். வாசலை ஒட்டி வெட்டு மேசை, சுவரோரம் சாய்த்து வைத்த கண்ணாடிகள், தடுப்புக்குப் பின்னால் அடுப்பும் பாயும். தெருவை அகலப்படுத்த நகரசபை போடும் கோடு கொஞ்சம் உள்ளே வந்தாலும் மேசைக்கு இடமில்லை. மேசை இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை.

"கூரைதானேங்க. கழட்டிக் கொடுத்துடுங்க, தொல்லை விட்டுச்சு" என்றாள் மனைவி.

"நீயும் அந்தம்மா மாதிரியே பேசு. இன்னைக்குக் கூரை, நாளைக்கு மேசை, அப்புறம் உன் அடுப்பு. கண்ணாடியில விரிசல் விட்டா பாதியில நிக்குமா?"

"அப்போ என்னதான் பண்ணப் போறீங்க?"

"பேச்சையே நிறுத்தப் போறேன்."

மறுநாள் பக்கத்துக் கடைத் தையல்காரரையும் தெருவில் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு உறுப்பினரம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இனிமே அந்த ஆளோட பேச்சும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். வர்ற நகரசபைக் கூட்டத்தை நீங்க புறக்கணிக்கணும்."

உறுப்பினரம்மாவின் முகம் வாடிவிட்டது. "நான் போகலைன்னா நம்ம தெருவுக்காக யார்ணே பேசுவாங்க?"

"நீங்க பேசின வரைக்கும் போதும்மா. பலகை போச்சு, படி போச்சு."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அந்த வரைபடத்துல முதல்ல..."

"வரைபடமெல்லாம் எங்களுக்கு வேண்டாம். போவீங்களா, மாட்டீங்களா?"

அந்த அம்மா எல்லார் முகத்தையும் பார்த்தார். "சரி, போகலை" என்றார்.

தையல்காரர் கண்ணாடிக்காரரின் காதைக் கடித்தார். "என்னப்பா, இதுலயும் உடனே விட்டுக்கொடுத்துட்டாங்க?"

கண்ணாடிக்காரருக்கும் அதுதான் உறுத்தியது. யார் எதைக் கேட்டாலும் சரி என்கிறவர். தலைவர் போன் போட்டு "வாங்கம்மா" என்றால் அதற்கும் சரி என்றுவிட்டால்?

ஆகவே கூட்டத்தன்று காலையிலேயே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மா வீட்டு வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொல்லைப்புறக் கதவுக்குத் தையல்காரர் காவல். உள்ளேயிருந்து டீ வந்தது. குடித்தால் சமரசம் ஆகிவிடுமோ என்று ரொம்ப நேரம் யோசித்து, நன்றாக ஆறவிட்டுக் குடித்தார்.

மத்தியானம் உறுப்பினரம்மா கைப்பையோடு வெளியே வந்தார். "அண்ணே, இப்பக்கூட ஆட்டோ பிடிச்சா கூட்டத்துக்குப் போயிடலாம்."

"உள்ள போய் உட்காருங்கம்மா."

உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஜெயித்துவிட்ட தெம்பில் அன்று சாயங்காலமே கண்ணாடிக்காரர் இடித்த படியை மறுபடி சிமெண்ட் பூசிக் கட்டினார். பழையதைவிடப் பெரிய பலகை ஒன்றையும் மாட்டினார்.

"எதுக்குங்க வீணா வம்பை விலைக்கு வாங்குறீங்க?" என்றாள் மனைவி.

"பயந்தவங்களாலதான் இவ்வளவும் போச்சு" என்றார். ஆனால் வாசலில் யாராவது செருமினால்கூட அவருக்குத்தான் திக்கென்றது.

மறுநாள் காலை, சிமெண்ட் காய்வதற்குள் நகரசபை ஆட்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் அளவு நாடா, இன்னொருவர் கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. புதுப் படியை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன்மேல் ஏறி நேராக உள்ளே வந்தார்கள். நாடா மேசையைத் தாண்டியது. கண்ணாடிகளைத் தாண்டியது.

"ஐயா, எங்க போறீங்க? கூரையோட நிறுத்திக்கிறதாத்தானே பேச்சு?" என்று பின்னாலேயே ஓடினார் கண்ணாடிக்காரர்.

"நேத்து கூட்டத்துல தீர்மானம் ஆயிடுச்சுங்க. யாரும் ஆட்சேபிக்கலை" என்றார் நாடாக்காரர்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பெயிண்ட்காரர் பின்சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டார். கண்ணாடிக்காரர் அவர் தோளைப் பிடித்தார்.

"மொத்தமும் போகுதா? அந்தப் பாவி தலைவருக்கு நான் என்னய்யா கெடுதல் பண்ணினேன்?"

பெயிண்ட்காரர் தூரிகையைத் துடைத்தபடி திரும்பினார்.

"கெடுதலா? கண்ணாடிக்கடைக்காரர் நீங்கதானே? உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லச் சொன்னார் தலைவர். வரைபடத்துல முதல்ல இந்தப் பின்சுவர் வரைக்கும் இருந்த கோட்டை, பலகையைக் கொடுத்து, படியைக் கொடுத்து, கூரையைக் கொடுத்து, தெருவரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்களாம் அந்தம்மா. அவங்களை எப்படி வீட்டுல உட்கார வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தாராம்."