சத்தம் போடாத சிவப்பு வண்டி

இந்தத் தடவையும் சகலையின் வண்டி வந்து நின்றது பல் டாக்டரின் காதில் விழவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது அது ஏற்கெனவே வாசலில் இருந்தது. சிவப்பாக, பளபளவென்று, பூனை வந்து உட்கார்ந்த மாதிரி.

"அத்தான் வண்டி வந்ததே தெரியல பாருங்க," என்றாள் மனைவி. "உங்க வண்டி தெருமுனை திரும்பும்போதே இங்க அலமாரியில டம்ளர் எல்லாம் ஆட ஆரம்பிச்சுடுது."

டாக்டர் ஜன்னல் திரையைச் சரேலென்று இழுத்து மூடினார். இரண்டு வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். இருபத்தைந்து வயதான, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்கள். சகலைகள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கியவை. அக்காவைக் கட்டிய பிசிக்ஸ் வாத்தியாருக்குச் சிவப்பு, தங்கையைக் கட்டிய இவருக்கு நீலம்.

வேறு சமயமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். ஆனால் வரும் வெள்ளிக்கிழமை மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அச்சகத்தின் இயந்திரக் கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் நின்ற மனிதர். "கடைசி நாளாவது சத்தமில்லாம வீட்டுக்குப் போகணும். எந்த மாப்பிள்ளை வண்டி சத்தம் போடாதோ அதுல வரேன்" என்று சொல்லிவிட்டார்.

நீளமான சரிவுச் சாலை அது. அச்சகமும் வாத்தியாரின் பள்ளிக்கூடமும் மேட்டின் உச்சியில், டாக்டர் வீடு நடுவில், மாமனார் வீடும் வாத்தியார் வீடும் கீழே. பள்ளி விட்டு வரும் வழியில் வாத்தியார் இப்படி எட்டிப் பார்ப்பது வழக்கம்.

காபியைக் கொடுத்துவிட்டு டாக்டர் மெல்ல ஆரம்பித்தார். "சகலை, நம்ம மாடல்ல டிக் டிக்னு ஒரு சத்தம் வருமே, அதுக்கு என்ன பண்றீங்க?"

"எனக்கு வர்றதில்லையே."

"ஆயில் எப்ப மாத்தினீங்க?"

வாத்தியார் மோவாயைத் தடவினார். "ஒன்பது மாசம் இருக்கும். ஒரு சொட்டுகூடக் குறையல."

டாக்டரின் வண்டி ஆயிலை வாராவாரம் கேட்டு வாங்கிக் குடிக்கும் ரகம். "ஒன்பது மாசமா! பானெட்டைத் திறந்து காட்டுங்களேன், ஒரு தடவை பார்க்கறேன்."

"அதுல பார்க்க என்ன சகலை இருக்கு," என்று எழுந்துவிட்டார் வாத்தியார். வண்டி வந்த மாதிரியே சத்தமில்லாமல் போனது.

"தெரிஞ்சதைச் சொல்லிக் கொடுக்க மனசு வரல பாத்தியா?" என்றார் டாக்டர்.

"அவர் வெச்சுக்கற மாதிரி நீங்களும் வெச்சுக்கங்க," என்றாள் மனைவி.

அன்றே டாக்டர், பழைய கார் வைத்திருப்பவர்களின் கைபேசிக் குழுவில் கேள்வியைப் போட்டார். கெட்டியான ஆயில் ஊற்றினால் டிக் டிக் அடங்கும் என்றார் ஒருவர். ஊற்றவே ஊற்றாதீர்கள் என்றார்கள் ஒன்பது பேர். டாக்டர் அந்த ஒருவரை நம்பினார். கடையில் இருந்ததிலேயே கெட்டியானதாகப் பார்த்து ஊற்றினார்.

புதன்கிழமை காலை டிக் டிக் போயிருந்தது. கூடவே வண்டிக்குக் கிளம்பும் எண்ணமும் போயிருந்தது. ஐந்தாவது முயற்சியில் எழுந்து, தெருவையே மறைக்கிற மாதிரி புகை விட்டது.

எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டே கேட்டார். "டாக்டர், கொசுவுக்கா?"

புகை அடங்கியதும் வேறொரு சத்தம் கேட்டது. பெல்ட்டின் கீச்சொலி. டாக்டர் சகலைக்குப் போன் போட்டார்.

"கீச்சுனு கத்துமா? அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு சகலை."

போனை வைத்தபோது டாக்டரின் காது சூடாகியிருந்தது. நேராகப் போய், கடைவாய்ப்பல் பிடுங்கிப் பழகிய கையால் பெல்ட்டை இழுத்து முறுக்கினார். கீச்சொலி நின்றது. பதிலுக்கு, பல்லைக் குடையும் இயந்திரத்தின் அதே ஓசை, பத்து மடங்காக எழுந்தது. வீட்டோடு சேர்ந்த கிளினிக்கின் முன்னறையில் காத்திருந்த நோயாளி ஒருவர், "நான் அடுத்த வாரம் வரேன்மா," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். பெல்ட்டைத் தளர்த்தினார். "அது சின்ன விஷயம் சார். புகைக்குழாயில பெரிய ஓட்டை. உறுமல் முழுக்க அங்கேருந்துதான். புதுக் குழாய் வர பத்து நாள் ஆகும்."

"எனக்கு நாளைக்கு வேணும்."

"நாளைக்கு வேணும்னா தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

மெக்கானிக் போனதும் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். இருபது வருஷமாக ஊரில் உள்ள ஓட்டைகளையெல்லாம் அடைத்த கை. இதுவும் ஒரு சொத்தைப் பல்தானே! ஊசிக் கொக்கியால் துருவைச் சுரண்டினார். பஞ்சால் ஒற்றி ஈரத்தை எடுத்தார். பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்துப் பூசி, விரலால் வழித்துவிட்டார்.

மனைவி படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களா?"

டாக்டர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. சத்தமே இல்லை! டம்ளர்கள் ஆடவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே சகலைக்குப் போன். "நாளைக்கு மாமாவை நான் கூட்டிட்டு வரேன். என் வண்டியும் இப்போ மூச்சு விடறதில்ல."

மறுமுனையில் வாத்தியார் கேட்டார். "அந்த உறுமல்... போயிடுச்சா?"

குரல் உடைந்திருந்தது. எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று டாக்டர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பல வாரங்களுக்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு ருசித்தது.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு, துவைத்துத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாதி மேடு வரை வண்டி பட்டுப்போல ஏறியது. அதற்குப் பிறகு குழாய் சூடேறி, பூசிய மாவு விரிசல் விட்டு, ஒரு கட்டி உள்ளே போய்த் தொண்டையில் அடைத்துக்கொண்டது. டமார் என்று ஒரு சத்தம். சைக்கிளில் போன இரண்டு பேர் இறங்கியே விட்டார்கள். வண்டி இரண்டு முறை விக்கி, அச்சகத்துக்கு நூறடி முன்னால் மூச்சை விட்டது.

இழுவை வண்டிக்காரருக்குப் போன் போட்டுவிட்டு டாக்டர் நடுரோட்டில் நின்றார். மேலே அச்சகத்தின் வாசல் திறந்தது. மாமனாரை வழியனுப்பும் விழாவுக்கு வந்திருந்த வாத்தியாரின் சிவப்பு வண்டி வெளியே வந்தது. இலை மிதக்கிற மாதிரி வந்தது. மாமனார் கையில் மாலையோடு, கண்ணை மூடி, முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் வந்ததும் கண்ணைத் திறந்தார். "சின்ன மாப்பிள்ளை, அந்த டமார் நீங்கதானா? மேல இருந்தே கேட்டுது." மறுபடி மூடிக்கொண்டார்.

வாத்தியார் கையசைக்கவில்லை. கழுத்தைத் திருப்பி நீல வண்டியையே பார்த்துக்கொண்டு போனார்.

இழுவை வண்டி வந்தது. வண்டிக்காரர் இறங்கிக் கொக்கியை மாட்டினார். டாக்டரின் கண் இன்னும் சரிவில் தேயும் சிவப்புப் புள்ளியின் மேலேயே இருந்தது.

"அதோ போகுது பாருங்க," என்றார் பொருமலோடு. "அந்த மாதிரி என் வண்டியையும் பண்ணித் தர முடியுமா உங்களால?"

வண்டிக்காரர் கொக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்து, அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"பண்ணலாம் சார், தினம் விடியறதுக்கு முன்னாடி அவர் வண்டியை மேட்டுல ஏத்தி விடறதே நான்தான், இறக்கத்துல தானா உருண்டுடும், உங்க வண்டி மாதிரி உறும வைக்கணும்னு பொறாமையில அவரே கழட்டி, திரும்ப மாட்டத் தெரியாம விட்ட இன்ஜின் ஒன்பது மாசமா என் கொட்டகையிலதான் கிடக்கு."